உரிமை கோரப் போன கவிச்சுடர்

கவிச்சுடர் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. யாராவது கொடுப்பார்கள் என்று காத்திருந்து அலுத்துப்போய் அவரே எடுத்துக்கொண்டார். இணையத்தில் அவர் ஏற்றும் கவிதைகளை ஏற்றிய இடத்திலேயே எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஒன்று மட்டும் தப்பித்து ஊரெல்லாம் சுற்றியது, அவர் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு.

அன்று காலை அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், கீழ்த்தளத்துப் பல் டாக்டரின் இரங்கல் அட்டை வந்தது. மேலே டாக்டர் படம், நடுவில் அந்தக் கவிதை, அதனடியில் டாக்டர் பெயர்.

"செத்தும் கெடுத்தான்னு கேட்டிருக்கேன். இவன் செத்தும் திருடறான்!" என்று சட்டையை மாட்டினார்.

"உங்க கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்பக்கூட இவ்வளவு கத்தலையே," என்றாள் மனைவி.

"பல்லு போனா கட்டிக்கலாம். பேரு போனா?"

"இருந்தாத்தானே போறதுக்கு."

அந்தக் கவிதையின் முதல் பதிவைத் தேதியோடு கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார். எழவு வீட்டுக்கு ஆதாரத்தோடு போனவர் அவர் ஒருவர்தான்.

டாக்டரின் மனைவி எழுந்து வந்து கவிதை எழுதிய தாளை நீட்டினார். "வாங்கண்ணா. மருந்துச் சீட்டைத் தவிர எதையும் எழுதாத மனுஷன். ஆஸ்பத்திரியில ஒரு நாள் இதைக் குடுத்து, 'உனக்காக நானே எழுதினேன்'னார். நீங்க கவிஞர். சொல்லுங்க, நல்லா இருக்கா?"

கவிச்சுடரின் கை சட்டைப்பைக்குப் போனது. இருந்தாலும், காலையில் முதல் வரியோடு பெயருக்குத் தாவியிருந்தவர், இப்போது களவு போன பொருளை அடையாளம் காட்டுகிறவர்போல வரிவரியாகப் படித்தார். 'கதவைத் திறந்து வை, காற்றாக வருவேன்' என்பதுவரை அவருடையதேதான். அதற்கு மேல், 'யுகங்களை வென்று உன் வாசல் தொடுவேன்' என்று அவர் முடித்திருந்தார். டாக்டர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுதியிருந்தார்: 'கொசு வந்தால் சாத்திவிடு, பரவாயில்லை.'

அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரி…" என்றார் கவிச்சுடர். கை வெறுமனே வெளியே வந்தது. "கடைசி வரிதாம்மா கவிதை."

"அவர் எழுதினதுதானே?"

"அந்த வரியை வேற யாராலும் எழுதியிருக்க முடியாது."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தார். பழைய பதிவில் யுகங்களை அழித்துக் கொசுவை எழுதினார். பிரமாதமாக இருந்தது. கீழே தன் பெயரும் இருந்தது. வெகுநேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கொசுவை அழித்துவிட்டு, யுகங்களை மறுபடி வென்றார்.

பின்னால் நின்றிருந்த மனைவி, "ஏன், அது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

"அது என்னோடது இல்ல. இதுதான் என்னோடது."

"பார்த்தாலே தெரியுது," என்றாள்.