இடம் வலமான நான்கு ஆண்டுகள்

1.
இந்தக் கதை ஒரு கண்ணாடியிலிருந்து பிறந்தது. ஹங்கேரியின் செகெட் நகரில் எங்கள் ஆய்வுக்கூடம் குறுகலானது. ஆய்வு எலிக்கு எதிரே கணினித் திரை வைக்க இடமில்லை. பக்கத்தில் வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடி வழியாகக் காட்டினோம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூளையில் பார்வைப் புறணியின் ஒவ்வொரு செல்லுக்கும் பிடித்த ஒரு திசை..." (பாடப்புத்தக வாடை.)

பிறகு: "லோரான்ட் நல்லவன், அதனால்தான்..." (இதை முடிக்க வரவில்லை.)

2.
நடந்தது இதுதான். திரையில் கோடுகள் நகரும். எலியின் மூளையில் நுழைத்த மெல்லிய கம்பி, தனக்குப் பிடித்த திசையில் கோடு நகரும்போது செல் துடிப்பதை ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்கவைக்கும். முனைவர் பட்டத்துக்காக லோரான்ட் இதை நான்கு வருடம் பதிவு செய்தான். பெரும்பாலான செல்களுக்கு இடப்பக்க நகர்வே பிடிக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அதுவரை எல்லோரும் சொன்னதற்கு நேரெதிர்.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, எங்களோடு வேலை பார்த்த வில்மா, தின்றுகொண்டிருந்த பொகாச்சா ரொட்டியை விளையாட்டாக எலியின் கண்ணெதிரே ஆட்டினாள்.

"லோரான்ட், இந்தச் செல்லுக்கு எந்தப் பக்கம்டா பிடிக்கும்?"

"இடப்பக்கம். எத்தன தடவடி கேப்ப?"

"அப்போ வலப்பக்கம் கொண்டுபோனா ஏன் இந்தக் கத்து கத்துது?"

"அதுக்குப் பசி. ரொட்டியக் குடுத்துத் தொல."

அவள் திரும்ப ஆட்டினாள். படபட. இடப்பக்கம் ஆட்டினாள். மௌனம். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

ரொட்டியை எலி நேராகப் பார்த்தது, திரையைக் கண்ணாடியில். கண்ணாடி படத்தை இடம் வலமாகத் திருப்பும். கணினியில் அதைச் சரிசெய்யும் ஒரு வரியை யாரும் எழுதவில்லை.

3.
இங்கே பால்லா என்றொரு தொழில்நுட்பரைப் படைத்தேன். சோம்பேறி, வேலையை விட்டுப் போனவர். கண்ணாடியை அவர்தான் பொருத்தினார்.

[பால்லாவை நீக்கிவிட்டேன். அப்படி ஒருவர் இல்லை. பொருத்தியவன் நான்.]

"கண்ணாடிய யாரு வச்சது?" என்று வில்மா கேட்டாள்.

"ஞாபகமில்ல" என்றேன்.*

"நானாத்தான் இருக்கும்," என்றான் லோரான்ட். "நம்ம மூணு பேர்ல மறதிக்காரன் நான்தானே."

* ஞாபகம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை.

4.
தன் கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்து அவன் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றான். திருத்திய முடிவில் புதிதாக ஒன்றுமில்லை. இப்போது மாகோ என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறான். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவான்.

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றிலும் நான் மாகோவுக்குப் போகிறேன், உண்மையைச் சொல்கிறேன். மூன்றையும் அடித்துவிட்டேன், நான் போகவில்லை என்பதால்.

இருபது வருடமாக எல்லாவற்றையும் ஹங்கேரிய மொழியில் எழுதுகிறவன், இதை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன். லோரான்டுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.