மேம்பாலத்துக்கு ஐந்தாவது பேட்டரி

மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு எழுந்து நடந்து காட்டி, கடைக்காரர் கையைப் பிடித்து உட்காரவைத்த பிறகு வாங்கிய வண்டி அது. அந்த மலிவு விலையைக் கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். மேம்பாலத்தைக் கண்டால் வண்டி வாயைப் பிளந்தது.

முட்டை வியாபாரி சிட்டுவுக்கு இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்து எவனோ வைத்த பெயர் சிட்டு. சும்மா வருவதை எதற்கு வேண்டாமென்பது என்று அவரும் வைத்துக்கொண்டார். பின்சக்கரத்தின் இருபுறமும் குட்டிச் சக்கரம் மாட்டிய அந்த மின்சார வண்டி சமதரையில் வழுக்கிக்கொண்டு போகும். பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் முட்டைத் தட்டுகளோடு, கைமாற்று கேட்கப் போகிறவன் நடையில் தயங்கித் தயங்கி நின்றுவிடும். அப்புறம் மோட்டார் சைக்கிளில் போகிற யாராவது காலை நீட்டித் தள்ளிவிட வேண்டும். பேக்கரிகள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

முட்டை மண்டி அக்கா கணவருடையது. அதன் வாசலில் நின்றால் ஏற்றம் முழுக்கத் தெரியும். அத்தான் தினமும் நின்றார்.

"இன்னொரு தடவை எவனாவது உன்னைத் தள்ளிட்டுப் போறதைப் பாத்தேன், சாவியைக் குடுத்துட்டு கல்லாவுல வந்து உக்காந்துரு மாப்ளே. லைனுக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"கல்லாவுல ஃபேன்தான் சுத்தும். நான் எங்க சுத்தறது?"

"உன் பேச்சு லாரிக்காரன் காதுல விழாது."

அதற்கு மேல் பேரம் இல்லை. கல்லா என்றதும் சிட்டுவுக்குப் பள்ளிக்கூட மைதானம்தான் நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் ஓடுவார்கள். இவர் எல்லோருடைய புத்தகப் பைகளுக்கும் காவல்.

மறுநாள் காலை வண்டி மெக்கானிக் கடையில் நின்றது. மெக்கானிக்கை ஊரே வயரு என்றுதான் கூப்பிடும்.

"இப்ப நாலு பேட்டரி, நாப்பத்தெட்டு வோல்ட். அஞ்சாவதா ஒண்ணு சேத்தா அறுபது. ஏத்தத்துல நல்லா இழுக்கும்ணே."

"சேத்துரு."

"மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து விடற கன்ட்ரோலரையும் மாத்தணும். பழசு அறுபதைத் தாங்காது, வெடிச்சுரும். சார்ஜரும் வேற."

"டஜன் முட்டை வாங்கினா நான் ஒண்ணு கூடத் தர்றேன்ல? பேட்டரிக்குக் கன்ட்ரோலரைக் கொசுறாக் குடேன்."

"முட்டை வெடிச்சா தொடைச்சுக்கலாம். இது சீட்டுக்குக் கீழ இருக்கு. மேல யாரு உக்காந்திருக்காங்கன்னு யோசிங்க."

சிட்டு யோசித்தார். பேரம் உடனே படிந்தது.

சீட்டுக்கடியில் நாலுக்குத்தான் இடம். ஐந்தாவதை ஒரு பெட்டியில் போட்டு, கால் வைக்கும் பலகையில் முடுக்கினான் வயரு. சூம்பிய காலுக்கு ஒரு முக்காலி கிடைத்தது. சாவியைத் தரும்போது சொன்னான்: "சார்ஜ் காட்டற முள்ளு பழசு. அதை நம்பாதீங்கண்ணே. ஓட்டினாலும் ஓட்டாட்டியும் தினம் சார்ஜ் போட்டுருங்க."

சிட்டு தலையாட்டினார். ஆனால் அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். ஆள் பொய் சொல்வான், தராசு முள் சொல்லாது என்று கேட்டு வளர்ந்த காது அது.

வண்டி பாலம் ஏறியது. முதல் நாள் உச்சியில் நிறுத்திக் கீழே திரும்பிப் பார்த்தார். மண்டி வாசலில் அத்தான் தீப்பெட்டி அளவுக்கு நின்றார். அதன் பிறகு தினமும் ஏறியது. முள்ளோ, காலையில் எங்கே நின்றதோ மாலையிலும் அங்கேயே நின்றது. நிறைந்த வயிற்றுக்கு எதற்குத் தீனி என்று ஒரு மாலை சார்ஜ் போடாமலே படுத்தார்.

மறுநாள் காலை பாதி ஏற்றத்தில் வண்டி செத்தது. முள் அப்போதும் 'முழுசு' என்றது.

பின்னால் பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியது. மோட்டார் சைக்கிள் இளைஞன் ஒருவன் பக்கத்தில் வந்தான். "அங்கிள், கால் குடுக்கட்டா?"

"வேணாம் தம்பி, உன் கால் உனக்கே இருக்கட்டும்."

கீழே பார்த்தார். அத்தான் நடுரோட்டுக்கே வந்துவிட்டிருந்தார். பஸ் சுற்றிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, கைப்பிடியை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பி, பிரேக்கை மெல்ல விட்டார் சிட்டு. வண்டி பின்னோக்கி உருண்டு குறுக்கே திரும்பியது. மூக்கு சரிவைப் பார்த்தது. ஹாரனுக்கும் உயிர் இல்லை. "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு, ஒரு முட்டைகூட உடையாமல் மண்டி வாசலில் வந்து நின்றார்.

"யாராவது தள்ளினாங்களா அத்தான்?"

பேரத்தில் தான் ஜெயித்துவிட்ட சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது. அத்தான் சாவிக்காகக் கையை நீட்டினார். செருப்புகூடப் போடாமல்தான் ரோட்டுக்கு வந்திருந்தார். அதைப் பார்த்த சிட்டு சாவியை உருவி அவர் கையில் வைத்தார்.

வயரு ஓடிவந்தான். "அறுபது எறங்கி எறங்கி அம்பத்திரெண்டுக்கு வந்தா பேட்டரி காலி. ஆனா இந்த முள்ளு நாப்பத்தெட்டுல பொறந்தது. அதுக்கு அம்பத்திரெண்டே விருந்துச் சாப்பாடு. சொன்னேனாண்ணே?"

"சொன்னே. நான்தான் கேக்கலை" என்றார் சிட்டு. அத்தானைப் பார்த்துத்தான் சொன்னார்.

மண்டியிலேயே சார்ஜ் போட்டார்கள். பேக்கரிக்காரர்கள் போனில் கத்தியதையெல்லாம் அத்தானே வாங்கிக்கொண்டார். சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் சிட்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"பின்னால ஏறுங்க அத்தான். தட்டை மடியில வச்சுக்கங்க."

"நானா? என் கனத்துக்கு வண்டி ஏறுமா?"

"ஏறலைன்னா நாளைலேருந்து கல்லா."

அத்தான் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வேண்டியிருந்தால் உந்தலாம் என்று இரண்டு கால்களையும் தரையை உரசுகிறாற்போல் தொங்கவிட்டுக்கொண்டே வந்தார். வண்டி முனகியது; ஆனால் நிற்கவில்லை. முக்கால் ஏற்றம் தாண்டியபோது கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டார். சிட்டு திரும்பிப் பார்த்தார்.

"முன்னால பாத்து ஓட்டு மாப்ளே" என்றார் அத்தான்.