பதினேழாம் பெட்டி வழியாக

2013 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஷிஃப்டில் காந்திமதி மயங்கி விழுந்தாள். ஒரகடத்தில் பற்சக்கரங்களைச் சூடேற்றி, எண்ணெய்த் தொட்டியில் முக்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலை அது. ஃபர்னஸ் எனப்படும் உலைகளுக்குப் பின்னால் போய் அரை மணிக்கொரு தரம் வெப்பநிலையைப் பார்த்து எழுதுவது அவள் வேலை. அந்த வேலையே இருந்திருக்கக் கூடாது. இருபத்து நான்கு வயர்லெஸ் சென்சார் பெட்டிகளை அதற்காகத்தான் வாங்கி மாட்டியிருந்தார்கள். பெட்டிகள் சரியாகத்தான் அளந்தன. ஆனால் ஷெட் முழுக்க ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த இரும்புக் கூடைகள் சிக்னலை மறித்ததால், பாதிப் பெட்டிகளின் கணக்கு கண்ட்ரோல் ரூமுக்கு வந்து சேரவில்லை.

மாரிசெல்வி அங்கே கருவிகள் பராமரிப்பு இன்ஜினியர். கோவில்பட்டிக்காரி; படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். காந்திமதிக்கு உப்புப் போட்ட மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு நேராக மேனேஜர் தாண்டவராயனின் அறைக்குப் போனாள்.

"சார், ரெண்டு வாரம் குடுங்க. அதுக்கப்புறம் யாரும் அந்தச் சூட்டுல போயி எழுதாண்டாம்."

"பெட்டி வித்தவங்களே பவர் அதிகமான புது மாடல் வாங்கச் சொல்றாங்கம்மா."

"புதுசு எதுக்கு சார்? தூரத்துப் பெட்டி கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போகுது. பக்கத்துப் பெட்டிகிட்ட மெல்லச் சொன்னா, அது வாங்கி ரூமுக்குச் சொல்லிரும். இருக்கதை வச்சே நான் செஞ்சு காட்டுதேன்."

அவள் குரலில் தயக்கம் இல்லை. அவர் சரி என்றார்.

மூன்று நாளில் புரோகிராமை மாற்றினாள். ஒவ்வொரு பெட்டியும் தனக்கு மிக அருகில் இருக்கும் பெட்டியிடம் செய்தியைக் கொடுக்கும். திரையில் இருபத்து நான்கும் பச்சையாக எரிந்தன. ஐந்தாம் நாள் காலை எட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் அணைந்தன.

லைன் சூப்பர்வைசர் ரஞ்சித் மண்ணூர்க்காரன். முதலிலிருந்தே இதை நம்பாதவன். "இன்னா மேடம், மொத்தமா படுத்துகிச்சே? காந்திமதிய அனுப்பட்டா?"

"வேண்டாம். நான் போறேன்."

ஷிஃப்ட் முடியும்வரை அவளே ஃபர்னஸ்களின் பின்பக்கம் போய் எழுதினாள். போகும்போதெல்லாம் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியருகிலும் நின்று சிக்னலை அளந்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாலைக்குள் தவறு பிடிபட்டது. அணைந்த எட்டில் ஒன்று நடுவில் இருந்த ஒன்பதாம் பெட்டி; மற்ற ஏழுக்கும் அதுதான் மிக அருகில் இருந்தது. எல்லோர் சுமையையும் தூக்கி அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, அதற்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் இடையில் கூடைகள். கேட்டதைச் சொல்ல அது பத்து தடவை முயல வேண்டியிருந்தது. கிரேன் ஓடும் உத்தரத்தில் உயரமாக மாட்டியிருந்த பதினேழாம் பெட்டியோ முப்பது மீட்டர் தள்ளி இருந்தாலும் இரண்டு பக்கமும் தெளிவாகப் பேசியது.

"கிட்ட இருக்கவன்னு பாத்தது என் தப்பு," என்று மறுநாள் கேன்டீனில் ரஞ்சித்திடம் சொன்னாள். "காது கேட்டா மட்டும் பத்தாது, வாயும் எட்டணும். ரெண்டுல எது மோசமோ அதை வச்சுத்தான் தூதுக்கு ஆள் எடுக்கணும். பேட்டரி பாதிக்குக் கீழ போனா அடுத்த ஆளுக்கு மாறிரணும்."

ரஞ்சித் டீயைக் கீழே வைத்தான். "அது சரி மேடம். பெட்டிங்க ஒண்ணு மாத்தி ஒண்ணுதான பேசுது? சுவத்துல கீற பெட்டிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் ஒரே டைம் குடுத்துகினு கீறீங்க. சுவரு சூடு எங்க ஓடப் போவுது? பம்ப்பு நின்னா எண்ணெய் சூடு கடகடன்னு ஏறிடும்."

அவள் இதை யோசித்திருக்கவில்லை. சட்டென்று நோட்டைத் திறந்தாள். "சொல்லுங்க, எதுக்கு எத்தனை தடவை?"

எண்ணெய்த் தொட்டிக்கு நிமிடத்துக்கு ஆறு முறை, ஃபர்னஸ்களுக்கு ஒரு முறை, சுவர்ப் பெட்டிகளுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். டீ ஆறிப்போனது. அந்த வார இறுதிக்குள் இரண்டு மாற்றங்களையும் புரோகிராமில் ஏற்றினாள்.

அடுத்த வியாழன் பிற்பகல், எண்ணெயைக் குளிர்விக்கும் பம்ப் நின்றது. அதே நேரம் தொட்டிக்கு எதிரே ஃபோர்க்லிஃப்ட் புதுக் கூடைகளை அடுக்கிவிட்டிருந்தது. தொட்டிப் பெட்டியின் வழக்கமான பாதை அடைபட, செய்தி தானாகவே பதினேழின் வழியாக வந்தது. எண்ணெயின் சூடு எழுபத்தொரு டிகிரி. எழுபத்து நான்கு. எழுபத்தெட்டு. எண்பதில் அலாரம் அடித்தது.

"லோடு போடாத! நிறுத்துடா!" ரஞ்சித் கத்திக்கொண்டே ஸ்டாண்ட்பை பம்ப்பைப் போட்டான். எண்பத்து மூன்று வரை ஏறிய எண்ணெயின் சூடு மெல்ல இறங்கியது. ஃபர்னஸ்களின் பின்னால் அப்போது ஒருவரும் இல்லை.

ரஞ்சித் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். மாரிசெல்வி சிரித்தாள்.

மறுநாள் தாண்டவராயன் கூப்பிட்டார். "ரெண்டாவது ஷெட்டுக்கும் பண்ணணும். எத்தனை பெட்டி வாங்கலாம்?"

"அங்க மாட்டியிருக்க பெட்டியே போதும் சார். ரஞ்சித்தை ஒரு வாரம் என்கூட விடுங்க. காந்திமதிய கண்ட்ரோல் ரூமுக்கு மாத்துங்க. எந்த ஃபர்னஸ் எப்படின்னு அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது."

"கேட்டுட்டுப் போறியா, சொல்லிட்டுப் போறியா?"

"சொல்லிட்டுத்தான் சார்."

அவர் சிரித்துவிட்டு ஃபோனை எடுத்தார். மாரிசெல்வி லேப்டாப்போடு இரண்டாவது ஷெட்டுக்கு நடந்தாள். அங்கே கூடைகள் இன்னும் உயரமாக இருந்தன. முதல் பெட்டி எங்கே என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.