முந்திக்கொண்ட எண்

சென்னீர்குப்பத்து மருத்துவமனையின் மென்பொருளுக்குப் பதினான்காம் பதிப்பை அம்பத்தூர் அலுவலகத்திலிருந்தே ஏற்றினாள் அனுசுயா. முதலில் தரவுத்தளத்தில் பதிப்பு எண்ணை மாற்றினாள்; பிறகுதான் பழைய விவரங்களைப் புதிய இடத்துக்கு நகர்த்தும் மாற்றங்களை ஓடவிட்டாள். அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். புது எண் திரையில் தெரிந்துவிட்டால் வாடிக்கையாளர் நச்சரிக்கமாட்டார்.

பாதியில் இணைப்பு அறுந்தது. மறுபடி வந்தபோது மென்பொருள் எண்ணைப் பார்த்தது. பதினான்கு என்றிருந்ததால் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு திறந்தது. அவளும் நம்பி டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்து ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தாள். ‘ஒவ்வாத மருந்து: இல்லை.’ அடுத்தவருக்கும் இல்லை. யாரைத் திறந்தாலும் இல்லை. ஒவ்வாமை விவரங்கள் புதிய இடத்துக்கு வந்துசேரவே இல்லை. நாம்தான் தப்பாகப் பார்க்கிறோமோ என்று இன்னொரு முறை பார்த்தாள். அதே ‘இல்லை’தான்.

“இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி கீற?” என்றான் பக்கத்து மேசை ஜஸ்டின்.

சொன்னாள்.

“கம்முனு மறுபடி ஓட்டு. ஒருத்தனுக்கும் தெரியாது.”

“அதுக்குள்ள யாருக்காவது ஊசி போட்டுட்டா அண்ணா?”

“போன் பண்ணா உன் வேலை பூடும். அவ்ளோதான்.”

அவள் மருத்துவமனையின் மருந்தகத்துக்குப் போன் செய்தாள். சகாயம்மாள் எடுத்தார்.

“சொல்லு கண்ணு, கூட்டம் நிக்குது.”

“திரையை நம்பாதீங்கக்கா. ஒவ்வாமை எதுவும் அதுல வரல. என் தப்பு.”

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. சகாயம்மாள் உதவியாளரிடம் கத்தினார். “ரியா, இப்ப பென்சிலின் வாங்கிகினு போச்சே ஒரு பொண்ணு, சிஸ்டர்கிட்ட ஊசிய நிறுத்தச் சொல்லு. ஓடு.”

மறுமுனையில் யாரோ இருமினார்கள். அனுசுயா ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டே எண்ணைப் பதின்மூன்றுக்கு இறக்கினாள். இந்த முறை மாற்றங்களையும் எண்ணையும் ஒரே கட்டாகக் கட்டினாள். நடந்தால் இரண்டும் நடக்கும், அறுந்தால் எதுவும் நடக்காது. பொத்தானை அழுத்தினாள். ஒவ்வாமை விவரங்கள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன.

“கண்ணு, லைன்ல கீறியா?” சகாயம்மாளுக்கு மூச்சு வாங்கியது. “ஊசி குத்தல. அந்தப் பொண்ணுக்குப் பென்சிலின் ஆகாதாம், பழைய சீட்டுல கீது. ஆனா அதுக்குள்ள நெறைய பேரு வாங்கிகினு ஊட்டுக்குப் பூட்டாங்களே.”

“யார் யாருக்கு ஒத்துக்காதுன்னு இப்ப தெரியுதுக்கா. பாதிப் பேரை நான் கூப்பிடுறேன்.”

ஜஸ்டின் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவள் முதல் நோயாளியின் போன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.