முப்பத்தொரு நிமிடம்

அந்த வருடம் ஊகான் நகரத்துக்கு வெளிநாட்டு விளையாட்டு வீரர்கள் வரப்போகிறார்கள் என்று சொல்லி எங்கள் டாக்ஸி கம்பெனி எங்கள் உயிரை வாங்கியது. நூறு ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். வண்டியில் பூண்டு வாடை வரக்கூடாது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது உளவு வேலை. இங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களைக் கூலிக்குப் பிடித்து, பயணிகளைப் போல எங்கள் வண்டிகளில் ஏற்றிவிட்டார்கள். யார் நிஜப் பயணி, யார் உளவாளி என்று தெரியாது. தப்புச் செய்தால் மறுநாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்கும்.

யான் பாவோசுவான் என்ற என் பெயர் இரண்டு முறை தொங்கியது. முதல் தடவை, வெங்காயத்தாள் வடை தின்றுவிட்டு வண்டி ஓட்டியதற்கு. இரண்டாவது தடவை நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி பின்னால் உட்கார்ந்துகொண்டு, பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று கண்ணில் நீர் வரக் கெஞ்சினாள். என் மகள் வயது. மனசு கேட்கவில்லை. பஸ்களுக்கு மட்டும் ஒதுக்கிய தடத்தில் வண்டியை விட்டேன். இறங்கும்போது கை கூப்பாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனவள், அன்று மாலையே என்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பிரிவுத் தலைவர் ஃபெங் என்னை நிற்க வைத்தே பேசினார். "யான், உனக்கு எத்தனை வயசு?"

"ஐம்பத்துமூணு சார்."

"இன்னொரு தடவை உன் பேரு வந்துச்சுன்னா சாவியை மேஜையில வச்சுட்டுக் கிளம்பிடு. ஐம்பத்துமூணு வயசுல எவன் வேலை குடுப்பான்னு அப்புறம் தேடிக்க."

மறுநாள் காலை நூடுல்ஸ் கடையில் எள் விழுதைக் கிளறியபடியே டிங் வாயைத் திறந்தான். எங்கள் கம்பெனி டிரைவர்தான். வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

"யான் அண்ணே, விஷயம் தெரியுமா? போன வாரம் ஒரு வெள்ளைக்காரன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, சிக்னலைத் தாண்டு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு அழுதானாம். நம்மாளும் இரக்கப்பட்டுத் தாண்டியிருக்கான். தாண்டினதும் அவன் ஜம்முனு நிமிந்து உட்கார்ந்து நோட்டை எடுத்து மார்க் போட்டானாம்!"

"அடப்பாவிங்களா, இப்படியுமா பண்ணுவாங்க?"

"இதுக்கு மேலயும் பண்ணுவாங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே எவனுக்கும் ஏமாத்தத் தோணும் அண்ணே, ஜாக்கிரதை."

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலை எட்டரை மணிக்கு, ஹான்கோ பகுதியில் ஆற்றோரத்து ஹோட்டல் வாசலில் வெள்ளைக்காரன் ஒருவன் ஏறினான். என் வயதுதான் இருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் ஊச்சாங்கில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் பெயரைச் சீன எழுத்தில் எழுதிய சீட்டை நீட்டினான். நெற்றியெல்லாம் வியர்வை. பாலத்துக்குப் போகும் சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. பக்கத்தில் பஸ் தடம் காலியாகக் கிடந்தது.

அவன் தன் போனில் ஏதோ பேசி என் பக்கம் திருப்பினான். போனிலிருந்து ஒரு பெண் குரல் சுத்தமான சீனத்தில் சொன்னது: "தயவுசெய்து வேகமாகப் போங்கள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது."

கண்ணாடியில் பார்த்தேன். இடது கையால் நெஞ்சைப் பிடித்திருந்தான். டிங் சொன்னபடியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூறு வாக்கியங்களில் அறுபத்துமூன்றாவதை எடுத்துவிட்டேன்: உங்கள் பாதுகாப்புக்காக விதிகளின்படி ஓட்டுகிறோம், பொறுத்தருள்க. ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

பாலத்தின் மேல் அவன் என் தோளைத் தொட்டான். போன் மறுபடியும் பேசியது: "நான் செத்துவிடுவேன் போலிருக்கிறது."

"நல்லா நடிக்கிறீங்க சார். ஆனா நான் ஒரு தடவை ஏமாந்தவன்" என்றேன். அவனுக்குப் புரிந்திருக்காது.

அதன் பிறகு அவன் பேசவில்லை. தோற்றுப்போய்விட்டான் என்று நினைத்தேன். ஒவ்வொரு மஞ்சள் விளக்குக்கும் நின்றேன். நடந்துபோன பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி விட்டேன். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ரசீதைக் கிழித்து, விதிப்படி திரும்பி இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

அர்மிந்தோ என்று பெயராம். போர்ச்சுகலிலிருந்து ஓடு சுடும் இயந்திரம் விற்க வந்தவன். கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். அன்று மாலை டிங்கின் சட்டையைப் பிடித்தேன். "ஐயோ அண்ணே, நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன். அதைப் போய் நம்புவீங்களா?" என்று அழுதான். அடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஃபெங் வண்டிக் கேமராவின் பதிவைப் பார்த்தார். "ஒரு விதிமீறல் கிடையாது. முப்பத்தொரு நிமிஷம், நூத்துக்கு நூறு. சத்தம் பதிவாகலைன்னு எழுதிட்டேன். நீ வாயை மூடிக்கிட்டு இரு."

ஐந்தாம் நாள் அர்மிந்தோவின் மனைவி கம்பெனிக்கு வந்தாள். நன்றிக்கு அடையாளமாகக் கொடுக்கும் சிவப்புப் பட்டுப் பதாகையை அவள் கையில் வைத்திருந்தாள். அதைத் தைத்தது கம்பெனி, வாசகம் எழுதியதும் கம்பெனி. அவளிடம் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கேமராக்காரன் படம் எடுத்து முடித்ததும், மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் அவள் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, அன்னிக்குக் காலையில அவர் வீட்டுக்கு போன் பண்ணினாராம். இவங்கதான் இன்டர்நெட்ல பாத்துட்டு, டாக்ஸியில போங்க, அதுதான் சீக்கிரம்னு சொன்னாங்களாம். ஆத்துக்கு அடியில மெட்ரோ இருக்குன்னு அப்புறம்தான் பாத்தாங்களாம். அதுல போயிருந்தா சீக்கிரம் போயிருப்பாரான்னு கேக்கறாங்க. தப்பு தன்னோடதான்னு நினைக்கறாங்க."

ஃபெங் முந்திக்கொண்டார். "காலையில அந்தப் பாலத்துல கார்ல யார் போனாலும் அரை மணி நேரம் ஆகும்மா."

அவள் ஃபெங்கைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். தூக்கம் இல்லாத கண்கள். பஸ் தடம் காலியாகக் கிடந்தது, பதினைந்து நிமிடத்தில் போயிருப்பேன், அம்மா உன் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வேண்டும். தொண்டை வரை வந்தது. அதோடு ஃபெங் சொன்ன சாவியும் மேஜையும் நினைவுக்கு வந்தன.

"ஆமா. மெட்ரோதான் சீக்கிரம்" என்றேன்.

மொழிபெயர்த்ததும் அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

"விமான நிலையத்துக்கு நம்ம யானே கொண்டுபோய் விடுவார்னு சொல்லும்மா, காசு வேண்டாம்" என்றார் ஃபெங். அவள் தன் பெட்டியின் பிடியை வெளியே இழுத்தாள்.

"வேண்டாமாம். மெட்ரோவுல போறாங்களாம்" என்றாள் அந்தப் பெண்.