இடது கன்னம்

"தலையக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, அக்கா" என்றான்.

அக்கா கட்டிலின் தலைமாட்டில் நின்று, அப்பாவின் தலையை இரண்டு கைகளாலும் ஏந்தி இடது பக்கம் சாய்த்தாள். நுரை பூசிய வலது கன்னம் மேலே வந்தது. விடிந்த கொஞ்ச நேரத்தில் அப்பா போய்விட்டார். சொந்தக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. "இந்தத் தாடியோட அவர யாருக்கும் காட்டாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா அடுத்த அறையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அம்மா சொன்னது நியாயம்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். முகத்தை வழவழவென்று மழித்துக்கொண்டுதான் லிஃப்ட் குழியின் கிரீஸ் அழுக்குக்குள் இறங்குவார். "அந்த இருட்டுல உங்க மூஞ்சிய யாரு பார்க்கப்போறா?" என்று அம்மா கேலி செய்தால், "ஏன், லிஃப்டு பார்க்குமில்ல" என்பார். படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த முகத்தில் தாடி என்று ஒன்று வளர்ந்தது.

அதை மழிக்க அவனைவிடப் பொருத்தமான ஆள் அந்த வீட்டில் கிடையாது. பிழைப்பே அதுதான். ரேசர், பிரஷ், சோப்பு விற்கும் கடையில் வேலை. கடைக்காக வீடியோவும் போடுவான். பழைய காலத்து ரேசர் ஒன்று, புதிதாக வந்தது ஒன்று. முகத்தின் ஒரு பாதியை இதில் மழித்து, மறு பாதியை அதில் மழித்து, எது தேவலை என்று தடவிப் பார்த்துச் சொல்வான். குடும்பத்தில் அவனுக்கு 'பிளேடு' என்று பெயர். ரேசரைப் பற்றி வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்பதும் அதில் சேர்த்தி.

இப்போது அவன் கையில் இருந்தது அப்பாவின் ரேசர். ஒரு பக்கம் மட்டும் கூர் வைத்து, மறுபக்கம் முதுகு தடித்த பிளேடு போடுகிற பழைய மாடல். தலையை டப்பா மூடி மாதிரித் திறந்து, பிளேடைச் செருகி மூட வேண்டும். முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. முகத்தோடு படுக்கவைத்து இழுத்தால் கரகரவென்று ஊரைக் கூட்டுமே தவிர, பரம சாது. யார் கையில் கொடுத்தாலும் கீறாது. என்ன, ஒரு இழுப்பில் எல்லாம் வந்துவிடாது. பொறுமை வேண்டும்.

கன்னம், தாடை ஓரம், காதுக்குக் கீழே என்று மெல்ல இறங்கினான். வெள்ளை முடி நுரையோடு சேர்ந்து கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்தது. வலது பக்கம் முடிந்தபோது, தாடிக்குள் ஒளிந்துகொண்டிருந்த அப்பா பாதி வெளியே வந்திருந்தார். அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. "தண்ணி ஆறிப்போச்சு, வேற கொண்டாரேன்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

தலையை அவனே மறுபக்கம் திருப்பினான். இடது கன்னத்தில் நுரை காயத் தொடங்கியிருந்தது. கட்டிலுக்கு அடியில் அவனுடைய பை இருந்தது. பைக்குள் கடையில் கொடுத்தனுப்பிய புது ரேசர் இருந்தது. அதுவும் அதே ஒற்றைக் கூர் ஜாதிதான், ஆனால் எஃகில் கடைந்தது. தலை சின்னது, பிளேடு விளிம்பு நன்றாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் ரேசரையும் இதையும் வைத்துத்தான் இந்த வாரத்து வீடியோ. தன் முகத்தில் முயன்று பார்த்தான், வித்தியாசமே தெரியவில்லை. அவனுடையது பூனை முடி. இதற்கெல்லாம் முரட்டுத் தாடி வேண்டும், பல நாள் வளர்ந்த தாடி.

அவன் குனிந்து பையை இழுத்தான்.

அப்பாவின் பிளேடு மழுங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பச்சைப் பொய். சற்று முன்னால்தான் புது பிளேடு போட்டிருந்தான்.

சும்மா சொல்லக்கூடாது, புது ரேசர் ஒரே இழுப்பில் பாதை போட்டது. சத்தமும் அவ்வளவாக இல்லை. மேலிருந்து கீழே ஒரு தடவை. போதும், அதிலேயே சுத்தமாகிவிட்டது. ஆனால் வீடியோவில் கீழிருந்து மேலே எதிர்த்தும் ஒரு தடவை இழுப்பான், அதனால் இங்கேயும் இழுத்தான். தாடை வளைவில் பிளேடு லேசாக இடறியது. அங்கே இன்னொரு தடவை. பிறகு துண்டால் துடைத்துவிட்டு, புறங்கையால் வலது கன்னத்தைத் தடவினான். இடது கன்னத்தைத் தடவினான். மறுபடியும் வலது.

"புதுசுதான்" என்றான் வாய்விட்டு. "இந்தப் பக்கம்தான் ஜெயிச்சுது."

"என்னடா ஜெயிச்சுது?"

அக்கா கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அவள் அவன் கையில் பளபளத்த ரேசரைப் பார்த்தாள். முக்காலியில் நுரையோடு கிடந்த அப்பாவின் ரேசரைப் பார்த்தாள். தம்பியின் வீடியோ ஒன்றுவிடாமல் பார்க்கிறவள் அவள். கிண்ணத்தைத் தரையில் வைத்தபோது தண்ணீர் தளும்பிக் கொட்டியது.

"மூஞ்சியத் துடைச்சு விடு" என்றாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்ன செய்துவிட்டேன், சுத்தமாகத்தானே மழித்தேன் என்று மனசுக்குள் வாதாடிப் பார்த்தான். வாதம் நிற்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அங்கே படுத்திருப்பது அப்பா என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கன்னம் மட்டும்தான் இருந்தது. அதை நினைக்க நினைக்க, எங்கேயாவது போய் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாற்காலிகள் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்து போட்டார்கள். அப்பாவைக் கட்டிலோடு கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அப்போதுதான் அவன் பார்த்தான். இடது கன்னத்தில், தாடை வளைவை ஒட்டி, பழுப்பாக ஒரு பட்டை எழும்பியிருந்தது. உயிருள்ள தோல் என்றால் கொஞ்சம் சிவக்கும், மறுநாள் ஆறிவிடும். இது ஆறுகிற தோல் இல்லை. பிளேடு சுரண்டிய இடம் காய்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் கறுத்துக்கொண்டு வந்தது. யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து அவன் பவுடர் அப்பினான். அது மாவு கொட்டினது மாதிரி இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு கட்டிலை ஒட்டியே நின்றான். பிள்ளை அப்பாவை விட்டு நகர மாட்டேன் என்கிறான் என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஆனால் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார். அவனைத் தோளில் தட்டி நகர்த்திவிட்டுக் குனிந்தவர், குனிந்தபடியே கத்தினார்.

"என்னடா இது, மாப்பிள்ளைக்குக் கன்னமெல்லாம் உரிஞ்சு கெடக்கு?"

அம்மா எழுந்து வந்து பார்த்தாள். "காலையில இல்லையே" என்றாள். விரலை அதன் மேல் வைக்கப் போய் எடுத்துக்கொண்டாள்.

"ஆக்சிஜன் டியூபுக்கு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது இந்தப் பக்கம்தானே? பிடிச்சு இழுத்திருப்பாங்க, தோலோட வந்திருக்கு." மாமா கதவோரம் திரும்பினார். "ஏம்மா, நீதானே எடுத்த?"

கதவோரத்தில் நின்றிருந்தது நர்ஸம்மா. அப்பா படுத்த நாளிலிருந்து வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நான்தான் எடுத்தேன் சார். தண்ணி தொட்டு நனைச்சுத்தான் எடுத்தேன்."

"நனைச்சு எடுத்தா இப்படியா இருக்கும்? உசுரு போயிடுச்சுன்னா மரக்கட்டைன்னு நெனப்பு உங்களுக்கெல்லாம். அவருக்கு வலிக்காது, சரி. பார்க்கிற எங்களுக்கு வலிக்காதா?"

கூடத்தில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு சொல்லும் யாருக்குச் சேர வேண்டியது என்று அவனுக்குத் தெரிந்தது. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மேல கோவம் வேண்டாம்மா" என்றாள் நர்ஸம்மா, அம்மாவைப் பார்த்து. "நான் கெளம்புறேன்." வெளியே கிடந்த செருப்பைத் தேடிக் குனிந்தாள்.

"நான்தான்" என்றான்.

யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னான். "மாமா, அவங்க இல்ல. நான்தான். ஷேவ் பண்றப்ப ஆயிடுச்சு."

"நீயா? தூக்கத்துல எழுப்பி விட்டாலும் ஷேவ் பண்றவனாச்சேடா நீ!"

"அது வந்து... ரெண்டு ரேசர் வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தான். இந்தப் பாதிக்கு ஒன்று, அந்தப் பாதிக்கு ஒன்று. எது தேவலை என்று பார்க்க. மீதியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான்.

"போதும்டா" என்றாள் அம்மா. அவனைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அவன ஒண்ணும் கேக்காதீங்கண்ணே. கை நடுங்கியிருக்கும். பெத்த அப்பன் முகமில்லையா? எந்தப் புள்ளைக்குத்தான் நடுங்காது?"

மாமாவின் முகம் அப்படியே இளகிவிட்டது. "அட பாவமே, நான் ஒருத்தன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸம்மாவிடம் போய், "மனசுல வெச்சுக்காதம்மா, உள்ள வந்து உக்காரு" என்றார். யாரோ அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். கூடம் முழுக்க அவனைப் பரிதாபமாகப் பார்த்தது. அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்குச் செய்வதுபோல இரண்டு உள்ளங்கைகளாலும் தேய்த்துவிட்டாள்.

"இன்னும் நடுக்கம் நிக்கல பாரு" என்றாள் நர்ஸம்மாவிடம்.

அவன் குனிந்து பார்த்தான். கை அம்மாவின் மடியில் அசையாமல் இருந்தது.