மடுவத்துச் சாவி

சண்முகவடிவு தன் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிசைந்த ரொட்டி மாவில் விழுவதுபோல் குழி விழுந்தது. விழுந்த குழி எழவில்லை. தன் காலே தனக்கு அருவருப்பாய் இருந்தது.

இருதயம் நின்றுவிடவில்லை, ஆயினும் இரத்தத்தை இறைக்கும் வலு அதற்குக் குறைந்துவிட்டபடியால் நீர் உடம்பிலேயே தேங்குகிறது என்று நுவரெலியா கிளினிக்கில் டாக்டர் விளக்கியிருந்தார். நீரை வெளியேற்றும் மாத்திரையைக் காலைதோறும் விழுங்க வேண்டும். உப்பையும் கருவாட்டையும் குறைக்க வேண்டும். நாள்தோறும் நிறை பார்த்து, அது சட்டென்று கூடினால் உடனே வர வேண்டும். கருவாட்டை அவள் அன்றே விட்டாள். மாத்திரையைத்தான் வேலை நாட்களில் தொடுவதில்லை. விழுங்கினால் அடிக்கடி ஒதுங்க வேண்டும். கொழுந்தெடுக்கும் மலையில் ஒதுங்க இடமேது? தேயிலைத் தூரில் குந்தினால் அட்டை ஏறும். நிமிர்ந்தால் மேல் நிரையில் மருந்தடிக்கும் ஆண்கள் பல்லைக் காட்டுவார்கள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எவரிடமும் தராசு இல்லை. ஆகவே பகல் நிறுவை முடிந்ததும், மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் சாக்கைத் தொட்டிலாக மாட்டி அதில் உட்கார்ந்தாள். உடன் கொழுந்தெடுக்கும் சுகிர்தம் தாங்கிக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். "என்ன வடிவு, ஒன்னையும் பெக்டரிக்கு ஏத்திரவா? ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி ரெண்டு கிலோ கழிச்சுக்கிறேன்!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் உதட்டோரத்துச் சிவப்பு நுரையைக் கண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எவ்வளவு காட்டுது, சுகிர்தம்?"

"அம்பத்தாறு அக்கா. போன கிழமை கிளினிக்குல அம்பத்திரண்டுன்னுதானே சொன்னீங்க? அம்புட்டும் தண்ணி. ராவுல படுக்க முடியாம ஒக்காந்து மூச்சு வாங்குறீங்களே, இதாலதான்."

வெட்கத்துக்குப் பயந்து தன்னைத் தானே மூழ்கடித்துக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சேலை முடிச்சை அவிழ்த்து, காலையில் விழுங்காமல் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்து, ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினாள்.

"ஐயா, மடுவத்துக் கக்கூஸ் சாவியக் குடுங்க."

"அது ஆபீஸ் ஸ்டாப்புக்கு. ஒனக்குத்தான் இம்புட்டு மலை கெடக்கே?"

"மாத்திரை போட்டாச்சு. குடுக்கலேன்னா இங்கனயே, ஒங்க நாக்காலிகிட்டயே குந்திருவேன்."

"குந்துவாங்க ஐயா," என்றாள் சுகிர்தம். "நான் இடுப்புப் படங்க அவுத்துப் புடிச்சு மறைச்சுக்கிட்டு நிப்பேன்."

இம்முறை சிரிப்பு கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியது. அவர் சாவியை மேசைமேல் விட்டெறிந்தார்.

அரைமணி நேரத்தில் மாத்திரை வேலையைத் தொடங்கியது. கக்கூஸ் கதவைத் திறந்தவுடன் நாற்றம் முகத்தில் அறைந்தது. சுவரெல்லாம் வெற்றிலைத் துப்பல். மூலையில் சிகரெட் துண்டுகள். குழியில் என்றோ தண்ணீர் ஊற்றாமல் விட்டுப்போனவை. இந்த அசிங்கத்தையா இத்தனை காலம் பூட்டு போட்டுக் காத்தார்கள்! முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தினாள்.

வெளியே வந்ததும், "அந்திக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். நீயும் வா, சுகிர்தம்," என்றாள்.

கணக்கப்பிள்ளை கையை நீட்டினார். "சாவியக் குடு."

"பொறுங்கய்யா. மறுபடியும் வருது."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த நாற்றத்துக்குள் மீண்டும் நுழைந்தாள்.